சுமி எஞ்சினுக்காக நான் எழுதிய அறிக்கை

1. சமையலறையில் நடந்த கூட்டம்

அந்தத் திங்கட்கிழமை காலை எங்கள் கிளையின் தலைவி சபீனா பதினான்கு பேரையும் அலுவலகச் சமையலறைக்குக் கூப்பிட்டார். கூட்ட அறையில் எல்லோருக்கும் இடம் காணாது. அவர் கையில் ஒரு தாள் இருந்தது. ஒசாக்காத் தலைமையகத்திலிருந்து வந்த மின்னஞ்சலை அச்செடுத்திருந்தார். சபீனா எதையும் அச்செடுக்கிற ஆள் இல்லை. வாசிக்கத் தொடங்க முதலே அது நல்ல செய்தி இல்லை என்று விளங்கியது.

விஷயம் இதுதான். அடுத்த வீடியோ கேமை எங்கள் சொந்த எஞ்சினில் செய்வதா, வெளியிலிருந்து உரிமம் வாங்கும் எஞ்சினில் செய்வதா என்று நிறுவனம் முடிவெடுக்கப்போகிறது. கார்ல்ஸ்ரூஹே, அதாவது எங்கள் ஜேர்மன் கிளை, இரண்டையும் பரிசோதித்து மூன்று மாதத்தில் அறிக்கை தரவேண்டும்.

இந்தத் துறைக்கு வர நினைக்கும் பிள்ளைகளுக்காகக் கொஞ்சம் விளக்குகிறேன். கேம் எஞ்சின் என்பது ஒரு கேமின் அடித்தள மென்பொருள். திரையில் படத்தை வரைவது, பாத்திரங்களை நடக்க வைப்பது, சத்தம் போடுவது எல்லாம் அதன் வேலை. தெருவையும் வீட்டையும் கதவையும் கட்டி வைக்கிறவர்கள் வேலை செய்யும் எடிட்டரும் அதற்குள்தான் இருக்கிறது. பெரிய நிறுவனத்தில் எஞ்சினுக்கு மட்டுமே நூறு பேரை வைத்துக்கொள்ள ஏலும். நாலு பேர் உள்ள சின்ன நிறுவனம் சொந்த எஞ்சின் பற்றி யோசிக்கவே யோசிக்காது, வாங்கிவிடும். எங்கள் ஜப்பானிய நிறுவனம் இரண்டுக்கும் நடுவே இருந்தது. இருநூறு பேர் கொண்ட நடுத்தர ஸ்டூடியோ. இந்தக் கேள்வி அப்படிப்பட்ட இடங்களைத்தான் போட்டு வதைக்கும்.

எங்கள் எஞ்சினுக்குப் பெயர் சுமி. ஜப்பானிய மொழியில் தூரிகை மை. மழையும் புகையும் மையில் கரைந்ததுபோலத் தெரிவதுதான் அதன் அழகு. என் அம்மாவுக்கு அந்தப் பெயரால் பெரிய குழப்பம். எஞ்சின் ஓடாமல் நின்ற ஒரு நாள் நான் தொலைபேசியில் "சுமி திரும்பவும் விழுந்திட்டுது" என்று ஆரிடமோ கதைத்ததைக் கேட்டுவிட்டு, "எந்தப் பிள்ளையடி அது, அடிக்கடி விழுறது? டொக்டரிட்டக் காட்டச் சொல்லு" என்றார்.

சுமியின் முதல் வடிவத்தை எழுதியவர் நிறுவனத்தின் தலைவர் ஓனோ-சான், தன் இளமையில். ('சான்' என்பது ஜப்பானியர் பெயரோடு சேர்க்கும் மரியாதைச் சொல்.) அதில் ஒளியும் நிழலும் வரையும் பகுதியைப் பதினொரு வருடமாக எழுதிவந்தது நான். எங்கள் கிளையின் மற்றவர்களும் சுமியின் வேறு வேறு பகுதிகளைப் பார்த்துக்கொண்டார்கள். உரிமம் வாங்கினால் கார்ல்ஸ்ரூஹேயில் ஒரு கிளை எதற்கு? அந்தக் கேள்வியை ஒருவரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. எல்லோரும் கோப்பைகளைக் கழுவிக்கொண்டு நின்றோம்.

கூட்டம் முடிந்ததும் சபீனா என்னைத் தனியே நிறுத்தினார்.

"ரஜனி, நீ எழுது. நீ எழுதினால் அங்கே நம்புவார்கள்" என்றார்.

அது உண்மைதான். முன்பொருமுறை ஓனோ-சான் ஆசையாகச் செய்வித்த ஒரு பகுதியால்தான் கேம் நின்றுபோகிறது என்று அவர் முகத்துக்கு நேரேயே சொன்னவள் நான். அன்றிலிருந்து நான் சொன்னால் ஒசாக்காவில் மறுபேச்சு இருக்காது. பல வருடம் உண்மை சொல்லிச் சேர்த்த நம்பிக்கை அது.

2. கார்த்திக்

பரிசோதனைக்கு என்னோடு சேர்ந்தவர் கார்த்திக். கோயம்புத்தூர்க்காரர். ஆஹென் பல்கலைக்கழகத்தில் முதுகலை படித்துவிட்டு எங்களிடம் வந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. உரிமம் வாங்கும் எஞ்சின் அவருக்கு நன்றாகத் தெரியும். எங்கள் கிளையில் வேறு யாருக்கும் தெரியாது. முதல் வாரம் என்னை "மேடம்" என்றார். அவரைத் தவிர அலுவலகத்தில் இருந்த ஒரே தமிழ் ஆள் நான் என்பதாலோ என்னவோ, இரண்டாம் வாரமே "அக்கா" ஆகிவிட்டேன்.

ஒரே காட்சியை இரண்டு எஞ்சினிலும் கட்டுவது என்று முடிவு செய்தோம். மழை பெய்யும் ஒரு துறைமுகத் தெரு. சுமியில் நான், மற்றதில் அவர். பிறகு ஒரே கணினியில் ஓடவிட்டு, வினாடிக்கு எத்தனை ஃப்ரேம், அதாவது எத்தனை தனிப்படம், வரைகிறது என்று அளப்பது. ஃப்ரேம் கூடினால் படம் தடைப்படாமல் ஓடும்.

ஆறாவது வாரம் முதல் அளவீடு எடுத்தோம். சுமி அறுபது. அவருடையது நாற்பத்தொன்று. என் மனதிலிருந்து ஒரு பாரம் இறங்கியது.

கார்த்திக் திரையைப் பார்த்தபடியே சொன்னார்: "அக்கா, இன்னும் ட்யூன் பண்ணவே இல்ல. எல்லாம் டிஃபால்ட் செட்டிங்ஸ். ரெண்டு வாரம் குடுங்க, அம்பத்தஞ்சுக்கு மேல கொண்டுவந்துடுவேன்."

"நேரம் காணாது கார்த்திக். இதோட நிப்பாட்டுவம்."

நேரம் இருந்தது. ஆறு வாரம் மீதி இருந்தது. அந்த ஆறு வாரத்தில் இரண்டு வாரம் நான் சுமியில் அந்தத் தெருவுக்கென்றே நிழல்களைக் குறைத்து, வேகத்தை இன்னும் கூட்டினேன்.

அறிக்கையின் முதல் வரைவை நாங்கள் இருவரும் பகிர்ந்து எழுதினோம். கார்த்திக் எடிட்டரைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தார். உரிமம் வாங்கும் எஞ்சினில் ஒரு பொருளை நகர்த்தினால் சில வினாடியில் ஓடவிட்டுப் பார்க்கலாம் என்றும், சுமியில் முழுத் தெருவையும் திரும்பக் கட்டவேண்டும் என்றும் அதில் இருந்தது. கடைசிப் பத்தியில் ஒரு யோசனையும் சொல்லியிருந்தார். சுமியின் மை வரையும் பகுதியை மட்டும் பிரித்தெடுத்து, வாங்கும் எஞ்சினுக்குள் பொருத்தலாம். கார்ல்ஸ்ரூஹே அந்த வேலையைச் செய்யலாம்.

அந்தப் பக்கத்தை நான் எடுத்துவிட்டேன். அதற்குப் பதிலாக ஒரு வரி போட்டேன்: "சுமியின் எடிட்டர் போதுமானது."

மறுநாள் காலை கார்த்திக் என் அறைக்கு வந்தார். கதவைச் சாத்திவிட்டுத்தான் பேசினார்.

"அக்கா, இது ஃபேர் கம்பேரிசனே இல்ல. நீங்க பதினோரு வருஷம் செதுக்கினதையும், நான் ஆறு வாரத்துல கட்டினதையும் வச்சு டேபிள் போட்டிருக்கீங்க. எடிட்டர் பேஜையே காணோம்."

"அது அறிக்கைக்குத் தேவையில்லை."

"அப்ப என் பேர எடுத்துடுங்க."

"ஏலாது. ரெண்டு பேர் செய்த வேலை எண்டு ஒசாக்காவில அவைக்குத் தெரியும். ஒரு பேர் இல்லையெண்டா ஏனெண்டு கேப்பினம்."

"கேக்கட்டுமே அக்கா."

அப்போது நான் சொன்னதை இங்கே எழுதாமல் விட்டால் இந்தக் குறிப்புக்கு அர்த்தமில்லை. நான் சொன்னேன்: "இந்தக் கிளையை மூடினா எனக்கு வேற வேலை கிடைக்கும் கார்த்திக். உங்கட விசா இந்த வேலையோட கட்டினதுதானே? வைஃப் வந்து ரெண்டு மாசம்தானே? யோசிச்சுப்போட்டுக் கதையுங்கோ."

குரலை உயர்த்தாமல் சொன்னேன். அக்கறையோடு சொல்வதுபோலவே சொன்னேன். அவர் மனைவி அப்போது கர்ப்பமாக இருந்தார். அதுவும் எனக்குத் தெரியும்.

என் அப்பா இந்த நாட்டுக்கு வந்த காலத்தில் வதிவிட அனுமதி மூன்று மாதத்துக்கு மட்டும்தான் நீட்டிப்பார்கள். ஒவ்வொரு டெர்மினுக்கும், அதாவது அந்த அலுவலகத்தில் குறித்துத் தரும் நாளுக்கும், வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போவார். ஜேர்மன் பேச என்னையும் கூட்டிக்கொண்டு போவார். மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் என்ன சொன்னாலும் அவர் "யா, யா" என்று தலையாட்டுவார். பத்து வயதில் அதைப் பார்த்து எனக்கு ஆத்திரம் வந்திருக்கிறது. கார்த்திக் அன்றைக்கு அதே மாதிரித் தலையாட்டினார். "சரிக்கா" என்றார். கதவைத் திறந்துகொண்டு போனார்.

அறிக்கை இரண்டு பெயரோடும் போனது. மூன்றாவது வாரம் பதில் வந்தது. அடுத்த கேமும் சுமியில்தான். சபீனா கேக் வாங்கிவந்தார். எல்லோரும் என்னைக் கட்டிப்பிடித்தார்கள். ஐந்து மாதம் கழித்து கார்த்திக் ஸ்டுட்கார்ட்டில் ஒரு கார் மென்பொருள் நிறுவனத்தில் வேலை எடுத்துக்கொண்டு, அதற்கான அனுமதியும் வாங்கிக்கொண்டு போய்விட்டார். கடைசி நாளில் எல்லோருக்கும் கை கொடுத்தார். எனக்கும் கொடுத்தார்.

3. ஹயாஷி வந்த வாரம்

இரண்டு வருடம் போனது. கேம் இரண்டு தடவை தள்ளிப்போனது. ஏன் என்று ஒசாக்காவிலும் தெரியவில்லை, எங்களுக்கும் தெரியவில்லை. சுமி வேகமாகத்தான் வரைந்தது. பிழைகளும் குறைவு. கடைசியில் காரணம் கண்டுபிடிக்க ஹயாஷி-சானை ஒரு வாரத்துக்கு எங்களிடம் அனுப்பினார்கள். தெருக்களையும் வீடுகளையும் கட்டும் லெவல் டிசைனர் குழுவின் தலைவி அவர். நாற்பது வயதிருக்கும். மெல்லிய குரல். நாங்கள் இருவரும் ஆங்கிலத்தில் கதைத்தோம். இரண்டு பேருக்கும் அது கடன் வாங்கிய மொழிதான், அதனால் சுற்றி வளைக்காமல் கதைக்க முடிந்தது.

"உங்கள் ஒரு நாள் எப்படிப் போகும் என்று காட்டுங்கள்" என்றேன்.

அவர் எடிட்டரைத் திறந்தார். ஒரு வீட்டின் கதவை அரை மீற்றர் இடப்பக்கம் நகர்த்தினார். பிறகு அந்தத் தெருவைத் திரும்பக் கட்டுவதற்கான பொத்தானை அழுத்தினார். கைகளை மடியில் வைத்துக்கொண்டார்.

நானும் காத்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் கோப்பி போட்டுக்கொண்டு வந்தேன். குடித்தும் முடித்தேன். அவர் ஒரு சின்னக் குறிப்புப் புத்தகத்தை எடுத்து இரண்டு வரி எழுதினார்.

"என்ன எழுதுகிறீர்கள்?"

"கதவை ஏன் நகர்த்தினேன் என்று. கட்டி முடியும்போது எனக்கு மறந்துவிடும்."

முப்பத்தைந்து நிமிடம் ஆனது. கதவு இன்னும் சரியான இடத்தில் இல்லை. அவர் திரும்பவும் கொஞ்சம் நகர்த்தினார், திரும்பவும் அழுத்தினார்.

"ரஜனி-சான், ஒரு நாளில் நான் பன்னிரண்டு தடவைதான் பிழை விடலாம். பிறகு வீட்டுக்குப் போகும் நேரம் வந்துவிடும்" என்றார்.

"அப்படியானால் என்ன செய்வீர்கள்?"

"முதலில் வைத்த இடத்திலேயே விட்டுவிடுவோம். கதவு எங்கே இருந்தால் நல்லது என்று இப்போது என் குழுவில் யாரும் கேட்பதில்லை. எங்களில் மூன்று பேர் போய்விட்டார்கள். புதிதாக வருகிறவர்கள் சுமியைப் படிக்க ஐந்து மாதம் எடுக்கிறார்கள். படித்தது வேறு எந்த நிறுவனத்துக்கும் உதவாது என்று தெரிந்ததும் அவர்களும் போய்விடுகிறார்கள்."

அவர் குறிப்புப் புத்தகத்தை மூடினார். பிறகு அவர் கேட்டார்: "உங்கள் அறிக்கையை நான் வாசித்தேன். எடிட்டர் போதுமானது என்று இருந்தது. நீங்கள் யாரிடம் கேட்டீர்கள்?"

குற்றம் சாட்டும் தொனி அதில் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"ஒருவரிடமும் கேட்கவில்லை" என்றேன்.

அவர் தலை குனிந்து அதை ஏற்றுக்கொண்டார். நான் கழிவறைக்குப் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு நின்றேன். அழுகை வரவில்லை.

அன்று மத்தியானம் அறிக்கையின் பழைய வரைவுகளைத் தேடினேன். எங்கள் சேமிப்பு முறையில் எதுவும் அழியாது. ஒவ்வொரு மாற்றமும் யார் செய்தது, எப்போது செய்தது என்று இருக்கும். கார்த்திக்கின் பக்கம் அப்படியே இருந்தது. அதை நீக்கியவர் என்ற இடத்தில் என் பெயர் இருந்தது.

4. ஒசாக்கா

ஒசாக்காவுக்கு உண்மையைச் சொல்லப்போகிறேன் என்று சபீனாவிடம்தான் முதலில் சொன்னேன்.

"இதை இப்போது சொல்லி யாருக்கு என்ன நன்மை, ரஜனி? இங்கே பதின்மூன்று பேர் உன்னை நம்பி இருக்கிறார்கள்."

"அங்கே ஹயாஷியின் ஆட்களும் நம்பித்தான் இருந்தார்கள்."

"நான் உன்னைத் தடுக்கவில்லை. ஆனால் என்னால் உன்னோடு வர முடியாது" என்றார். அவரில் எனக்குக் கோபமில்லை. அவரும் ஒரு வீட்டைத் தாங்கிக்கொண்டிருந்தவர்.

அடுத்த மாதம் ஒசாக்காவில் கேமின் பரிசீலனைக் கூட்டம் இருந்தது. அதற்கு முதல்நாள் ஓனோ-சானைத் தனியே பார்க்க நேரம் கேட்டேன். மொழிபெயர்க்க ஒரு பெண் வந்திருந்தார். நான் மூன்று தாளை மேசையில் வைத்தேன்: அறிக்கை, கார்த்திக்கின் பக்கம், நான் அளவீட்டை எப்படிச் செய்தேன் என்று எழுதிய குறிப்பு.

எல்லாவற்றையும் சொன்னேன். விசா பற்றிச் சொன்னதையும் சொன்னேன். மொழிபெயர்த்த பெண் அந்த இடத்தில் ஒரு கணம் நிறுத்தி, சரியாகத்தான் கேட்டேனா என்று என்னைப் பார்த்தார். தலையாட்டினேன். அவர் அதை ஜப்பானிய மொழியில் சொன்னார்.

ஓனோ-சான் மூன்று தாளையும் வாசித்தார். அவசரமில்லாமல் வாசித்தார். பிறகு கேட்டார்: "இந்த இரண்டாவது பெயர். இவர் ஒப்புக்கொள்ளவில்லையா?"

"இல்லை. நான்தான் வற்புறுத்தினேன்."

"அப்படியானால் இந்த அறிக்கையை ஒருவர்தான் எழுதியிருக்கிறார்."

"ஓம்" என்று என் வாயில் தமிழில்தான் வந்தது. பிறகு ஆங்கிலத்தில் சொன்னேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சுமியை எழுதியபோது எனக்கு இருபத்தாறு வயது. அது வேண்டும் என்று சொல்லும் அறிக்கைக்காக நான் காத்திருந்தேன். அப்படியே வந்தது. அதனால் ஒரு கேள்வியும் கேட்காமல் கையெழுத்து வைத்தேன். அந்தத் தவறு என்னுடையது. உங்கள் தவறு உங்களுடையது."

அதற்கு மேல் என்னைத் திட்டவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை.

பாதியில் எஞ்சினை மாற்ற ஏலாது. அந்தக் கேமை சுமியிலேயே முடிப்பது, அடுத்ததற்கு உரிமம் வாங்குவது என்று ஒரு மாதத்தில் முடிவானது. கிளையில் நான் வகித்த தொழில்நுட்பத் தலைமைப் பொறுப்பிலிருந்து என்னை எடுத்தார்கள். வேலையிலிருந்து எடுக்கவில்லை. அறிக்கைக்கு ஒரு திருத்தம் எழுதி, கார்த்திக் எதிர்த்தார் என்பதைப் பதிவு செய்து, அவர் பக்கத்தை இணைக்கச் சொன்னார் ஓனோ-சான். செய்தேன்.

5. மிஞ்சியவை

கேம் வெளிவந்தது. அதில் வரும் மழையை விமர்சகர்கள் பாராட்டினார்கள். தெருக்கள் வெறுமையாக இருப்பதாக எழுதினார்கள். இரண்டும் சரிதான்.

கார்ல்ஸ்ரூஹேயில் ஒன்பது பேருக்கு வேலை போனது. அவர்களில் சபீனாவும் ஒருவர். ஐந்து பேர் மிஞ்சினோம். எங்கள் வேலை இப்போது என்ன தெரியுமா? சுமியின் மை வரையும் பகுதியைப் பிரித்து, உரிமம் வாங்கிய எஞ்சினுக்குள் பொருத்துவது. கார்த்திக் கடைசிப் பத்தியில் எழுதியது. அன்றைக்கே அந்தப் பத்தி ஒசாக்காவுக்குப் போயிருந்தால், வேலையை அவசரமில்லாமல் தொடங்கி, பதினான்கு பேருக்கும் ஏதாவது செய்திருக்கலாமோ என்று யோசித்திருக்கிறேன். செய்திருக்கலாம், செய்யாமலும் போயிருக்கலாம். எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் வழியை நான்தான் அடைத்தேன்.

திருத்தத்தின் பிரதியைத் தபாலில் அனுப்ப மனம் வரவில்லை. கார்த்திக்குக்குத் தகவல் போட்டேன். ஒரு சனிக்கிழமை மத்தியானம் ஸ்டுட்கார்ட் நிலையத்துக்கு வரச்சொன்னார். பேக்கரி முன்னால் நின்றுகொண்டிருந்தார். மகள் தோளில் படுத்து நித்திரை.

தாளைக் கொடுத்தேன். ஒரு கையால் பிடித்து, நின்றபடியே இரண்டு தடவை வாசித்தார்.

"என்னை மன்னியுங்கோ கார்த்திக்" என்றேன்.

"மன்னிக்கிறது எல்லாம் பெரிய வார்த்தைக்கா. உங்க மேல கோபம் இப்ப இல்ல." மகளைத் தோள் மாற்றிக்கொண்டார். "ஆனா ஒண்ணு சொல்லணும். அதுக்கப்புறம் நான் எந்த மீட்டிங்லயும் நோ சொன்னதில்ல. இப்ப பெர்மனென்ட் ரெசிடென்ஸ் வந்திருச்சு. யாரும் ஒண்ணும் பண்ண முடியாது. இருந்தாலும் வாய் வர மாட்டேங்குது. தப்புன்னு தெரியும், தலையாட்டிட்டு வந்துடறேன்."

கோப்பி குடிக்கலாமா என்று கேட்டேன். மனைவி காத்திருப்பதாகச் சொன்னார். தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். திரும்பி வந்த ரயிலில் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். ஒரு நிலையத்தின் பெயரும் நினைவில் இல்லை. ஒரு எஞ்சின் போனால் இன்னொன்றை வாங்கலாம். அந்த மனிதரிடமிருந்து நான் எடுத்ததை எங்கே போய் வாங்குவது?

இங்குள்ள தமிழ்ப் பாடசாலையில் படித்து இப்போது இந்தத் துறைக்கு வரும் பிள்ளைகள், "அன்ரி, எந்த எஞ்சின் படிச்சா நல்லது? சொந்தமா எழுதுறது சரியோ, வாங்குறது சரியோ?" என்று என்னிடம் கேட்கிறார்கள். என்னால் பொதுவாகப் பதில் சொல்ல ஏலாது. சொந்த எஞ்சினால் பிழைத்த நடுத்தர ஸ்டூடியோக்களும் இருக்கின்றன, அதாலேயே களைத்துப்போனவையும் இருக்கின்றன. நான் படித்தது வேறு. அந்தக் கருவியோடு நாள் முழுக்க இருக்கப்போகிறவர்களிடம் முதலில் கேளுங்கள். அவர்கள் காத்திருக்கும் நேரத்தையும் அளந்து பாருங்கள். மேசையைச் சுற்றி இருப்பவர்களில் யாருடைய விசா அல்லது வேலை ஒப்பந்தம் பலவீனமானதோ, அவரை முதலில் பேச விடுங்கள். அவர் சொல்வது உங்களுக்குப் பிடிக்காவிட்டால் அன்றைக்கு ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்குப் போங்கள்.

போன மாதம் ஒரு புதிய ஒப்பீடு செய்தோம். ஆறு மாத ஒப்பந்தத்தில் வந்திருக்கும் ஒரு பெண், என் அளவீட்டில் பிழை இருக்கிறது என்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னார். சொல்லும்போது அவர் கழுத்து சிவந்திருந்தது. எனக்குச் சுருக்கென்றது, அதை மறைக்க மாட்டேன். வீட்டுக்குப் போய்த் திரும்பக் கணக்குப் பார்த்தேன். பிழைதான். மறுநாள் அட்டவணையைத் திருத்தினேன். கண்டுபிடித்தவர் என்று அவர் பெயரை முதல் பக்கத்தில் போட்டு ஒசாக்காவுக்கு அனுப்பினேன்.